நம்மை எண்ணுவது யார்? எதற்காக?

0.4 விழுக்காடு!

2016ஆம் ஆண்டில் மலேசியாவில் வறுமையில் வாழ்ந்த குடும்பங்கள் இவ்வளவுதான் என்று அரசாங்கம் கணக்குச் சொன்னது. ஆயிரம் குடும்பங்களில் வெறும் நான்கு. உலக மேடைகளில் இந்த எண்ணைச் சொல்லி நாடு பெருமைப்பட்டுக் கொண்டது. வறுமையை ஒழித்துவிட்டோம் என்று தலைவர்கள் மார்தட்டினார்கள்.

அதே ஆண்டில் செராஸில் உள்ள பிபிஆர் அடுக்குமாடிகளில் மாதம் 124 ரிங்கிட் வாடகையைக் கட்ட முடியாமல் பாக்கி வைத்த குடும்பங்கள் இருந்தன. தேசா துன் ரசாக்கிலும் ஜாலான் பீலிலும் மாதக் கடைசி வாரத்தில் கடையில் கடன் சொல்லி அரிசி வாங்கிய தாய்மார்கள் இருந்தார்கள். அவர்கள் யாரும் அந்தக் கணக்கில் ஏழைகள் இல்லை. அரசாங்கத்தின் அளவுகோலுக்கு அவர்கள் வறுமையைக் கடந்து வந்தவர்கள்!

இது எப்படி நடந்தது? பொருளாதார ஆய்வு, சமூகக் கொள்கை, புள்ளிவிவரம் என்றாலே இது படித்தவர்கள் விவகாரம், நமக்கென்ன என்று நம்மில் பலர் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். இம்முறை அப்படிச் செய்யாதீர்கள். உங்கள் வீட்டுக்கு உதவித்தொகை வருமா, உங்கள் பிள்ளைக்குப் பள்ளியில் சாப்பாடு கிடைக்குமா, உங்கள் பெயர் பட்டியலில் ஏறுமா என்பதையெல்லாம் முடிவு செய்வது இந்தக் கணக்குதான்.

எட்டு ரிங்கிட்டில் ஒரு நாள்

ஒரு குடும்பம் ஏழையா இல்லையா என்று சொல்ல அரசாங்கம் ஒரு கோடு போடுகிறது. அதன் பெயர் வறுமைக் கோடு. உயிர் வாழத் தேவையான உணவுக்கும், உடை, வாடகை, போக்குவரத்து போன்றவற்றுக்கும் எவ்வளவு வேண்டும் என்று கணக்கிட்டு அந்தக் கோட்டைப் போடுவார்கள். வருமானம் கோட்டுக்குக் கீழே இருந்தால் ஏழை. ஒரு ரிங்கிட் மேலே போனாலும் ஏழை இல்லை.

2016இல் அந்தக் கோடு நாட்டின் சராசரியாக ஒரு குடும்பத்துக்கு மாதம் 980 ரிங்கிட். நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு இதைப் பிரித்துப் பாருங்கள். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 8 ரிங்கிட். சாப்பாடு, துணி, பஸ் கட்டணம், மின்சாரம், மருந்து, பள்ளிச் செலவு எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும்! கோலாலம்பூரில் ஒரு வேளைச் சாப்பாடும் ஒரு தே தாரேக்கும் முடிந்தால் அந்த 8 ரிங்கிட்டும் முடிந்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2016 ஜூலையில் தீபகற்ப மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் 1,000 ரிங்கிட். வறுமைக் கோடு 980. அப்படியென்றால் அப்பா ஒருவர் மட்டும் குறைந்தபட்சச் சம்பளத்துக்குப் பாதுகாவலர் வேலை செய்து நான்கு பேரைக் காப்பாற்றினாலும், அந்தச் சராசரிக் கோட்டின்படி அந்தக் குடும்பம் வறுமையில் இல்லை. வேலைக்குப் போகும் தொழிலாளியை வறுமைக் கணக்கிலிருந்து தள்ளி வைக்கவே போட்ட கோடு போல் அது இருந்தது.

2019 ஆகஸ்டில் கடும் வறுமை, மனித உரிமை ஆகியவற்றுக்கான ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்டன் மலேசியாவுக்கு வந்தார். 11 நாள்கள் சுற்றிப் பார்த்தார். போகும்போது, இந்த நாட்டின் வறுமைக் கணக்கு நடப்பு வாழ்க்கைக்குப் பொருந்தாத அளவுக்குத் தாழ்வாகப் போடப்பட்டிருக்கிறது என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டுப் போனார். அப்போதைய அரசாங்கம் அதை ஏற்க மறுத்தது. உலகம் ஏற்றுக்கொண்ட முறையில்தான் கணக்கிடுகிறோம் என்றது.

ஓராண்டு கூட ஆகவில்லை. 2020 ஜூலையில் அரசாங்கமே புதிய கோட்டை அறிவித்தது. 980 ரிங்கிட் 2,208 ரிங்கிட் ஆனது. 2005இல் வகுத்த பழைய முறையை விட்டுவிட்டு, மக்கள் இன்று உண்ணும் உணவையும் வாழும் வாழ்க்கையையும் வைத்துக் கணக்கைப் போட்டார்கள். விளைவு? 2019இல் வறுமை 5.6 விழுக்காடு, அதாவது 405,441 குடும்பங்கள். 2016ஆம் ஆண்டுக்குப் புதிய முறையில் திரும்பக் கணக்கிட்டபோது 0.4 விழுக்காடு 7.6 விழுக்காடாக மாறியது.

அதே ஆண்டு. அதே குடும்பங்கள். அதே சம்பளம். ஏழைகளின் எண்ணிக்கை மட்டும் 19 மடங்கு!

மக்கள் ஒரே இரவில் ஏழையாகவில்லை. அவர்கள் முன்பும் ஏழைகளாகத்தான் இருந்தார்கள். எண்ணப்படவில்லை, அவ்வளவுதான். எண்ணப்படாதவர்களுக்குத் திட்டமும் இல்லை, ஒதுக்கீடும் இல்லை. இ-காசே பட்டியலில் ஏழை என்று பெயர் ஏறுவது இந்தக் கோட்டை வைத்துத்தான். கோடு தாழ்வாக இருந்த அத்தனை ஆண்டுகளும் உதவி கேட்டுப் போய் "உங்கள் வருமானம் தகுதிக்கு மேல்" என்ற பதிலோடு திரும்பி வந்தவர்கள் எத்தனை பேர்? அவர்களுக்கு யார் கணக்குச் சொல்வது?

கோடு போடுவது வானத்திலிருந்து வருவதல்ல

வறுமைக் கோடு என்பது மனிதர்கள் உட்கார்ந்து முடிவு செய்வது. பணக்கார நாடுகளிலும் அப்படித்தான்.

இங்கிலாந்தில் 1899இல் சீபோம் ரவுண்ட்ரீ என்பவர் யோர்க் நகரத்தின் தொழிலாளர் வீடுகளில் ஆய்வு நடத்தினார். அவர் சாக்லேட் தொழிற்சாலை முதலாளி குடும்பத்துப் பிள்ளை. உடம்பில் தெம்பு இருக்க ஒரு குடும்பத்துக்கு என்ன வேண்டும் என்று கணக்கிட்டு, அந்த நகர மக்களில் சுமார் 28 விழுக்காட்டினர் வறுமையில் வாழ்கிறார்கள் என்று 1901இல் நூலாக வெளியிட்டார். ஏழைகள் சோம்பேறிகள், குடிகாரர்கள் என்று பேசிக்கொண்டிருந்த நாட்டில் அது பெரிய அதிர்ச்சி. வேலைக்குப் போகிறவனும் ஏழையாக இருக்கிறான், காரணம் அவன் சம்பளம் போதவில்லை என்று அந்த ஆய்வு காட்டியது. "நம்மவர்கள் குடித்தே கெட்டார்கள்" என்று நம் சமுதாயத்தைப் பற்றி இன்றும் சுலபமாகப் பேசுகிறவர்கள் இதைக் கொஞ்சம் படிக்க வேண்டும்.

அமெரிக்காவில் 1960களில் மோலி ஓர்ஷன்ஸ்கி என்ற அரசு ஊழியர் ஒரு குடும்பத்தின் மலிவான உணவுச் செலவை மூன்றால் பெருக்கி வறுமைக் கோட்டைப் போட்டார். அன்று அங்கே குடும்பங்கள் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கை உணவுக்குச் செலவழித்தன. பின்னர் வாடகையும் மருத்துவச் செலவும் எங்கோ போய்விட்டன. ஆனாலும் அந்த நாட்டின் அதிகாரப்பூர்வக் கோடு அன்று போட்ட அதே அடிப்படையில், விலைவாசிக்கு மட்டும் உயர்த்தப்பட்டு ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்தியாவில் 2011இல் திட்டக் குழு நகர்ப்புறத்தில் நாளொன்றுக்கு 32 ரூபாய், கிராமப்புறத்தில் 26 ரூபாய் என்று உச்ச நீதிமன்றத்தில் சொன்னபோது நாடே கொதித்தது. 32 ரூபாயில் நீங்கள் ஒரு நாள் வாழ்ந்து காட்டுங்கள் என்று மக்கள் கேட்டார்கள். நம் நாட்டில் 8 ரிங்கிட்டை யாரும் அப்படிக் கேட்கவில்லை. வெளிநாட்டிலிருந்து ஒருவர் வந்து சொல்ல வேண்டியிருந்தது. இது நமக்குத் தலைகுனிவு இல்லையா?

ஒரே மாடி, இரண்டு கணக்கு

2018இல் யுனிசெஃப் ஒரு முக்கியமான ஆய்வை வெளியிட்டது. கோலாலம்பூர் வட்டாரத்தில் 17 மலிவு விலை அடுக்குமாடிகளில் 966 குடும்பத் தலைவர்களையும் 2,142 பிள்ளைகளையும் பற்றி விசாரித்து எழுதிய ஆய்வு அது. அலுவலகத்தில் உட்கார்ந்து போட்ட கணக்கல்ல. மாடி ஏறி, கதவைத் தட்டி எடுத்த கணக்கு.

அன்றைய வறுமைக் கோட்டின்படி அந்த மாடிகளில் இருந்த பிள்ளைகளில் 7 விழுக்காட்டினர்தான் ஏழைகள். ஆனால் நாட்டின் நடுத்தர வருமானத்தில் பாதிக்கும் குறைவாக வாழ்பவர் ஏழை என்ற அளவுகோலைப் பிடித்தால் 99.7 விழுக்காட்டுப் பிள்ளைகள் ஏழைகள்! தொழில் வளர்ச்சி பெற்ற நாடுகள் பல இந்த இரண்டாவது அளவுகோலைத்தான் பயன்படுத்துகின்றன. உயிரோடு இருக்கிறாயா என்று மட்டும் கேட்காமல், உன் ஊர்க்காரர்களைப் போல் வாழ முடிகிறதா என்று கேட்பது அந்த அளவுகோல்.

ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளில் 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் குன்றிப் போயிருந்தார்கள். 15 விழுக்காட்டினர் எடை குறைந்திருந்தார்கள். பத்தில் ஒரு பிள்ளை ஒரு நாளைக்கு மூன்று வேளை சாப்பிடவில்லை. ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளில் சுமார் பாதிப் பேர்தான் பாலர் பள்ளிக்குப் போனார்கள். நாடு தழுவிய அளவில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் போகும் காலத்தில்!

இது தமிழர் பிரச்சினை மட்டுமல்ல. அந்த மாடிகளில் மலாய்க்காரப் பிள்ளைகள் அதிகம் இருக்கிறார்கள். சீனப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். கோதுமை மாவையும் சீனித் தண்ணீரையும் கொடுத்து வயிற்றை நிரப்பும் தாய்க்கு இனம் கிடையாது. பக்கத்து வீட்டு மாக்சிக்கும் நமக்கும் இந்தப் பிரச்சினை ஒன்றே. இதைச் சொல்லித்தான் நம் உரிமைப் பேச்சைத் தொடங்க வேண்டும்.

உயரம் குன்றிய பிள்ளை பின்னால் பள்ளியில் கவனம் செலுத்தத் தடுமாறும். படிப்பில் பின்தங்கும். தமிழ்ப்பள்ளி ஆசிரியரைக் குறை சொல்வோம், பிள்ளையைத் திட்டுவோம். காரணம் மூன்று வயதில் தட்டில் இருந்ததும் இல்லாததும்தான் என்று யார் நினைத்துப் பார்க்கிறோம்?

தமிழ்நாட்டில் 1982இல் சத்துணவுத் திட்டம் விரிவாகத் தொடங்கியபோது, காசு எங்கே என்று கேலி செய்தவர்கள் உண்டு. பின்லாந்து 1948 முதல் எல்லாப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இலவச மதிய உணவு கொடுக்கிறது. போரில் அடிபட்டு ஏழை நாடாக இருந்தபோது தொடங்கிய திட்டம் அது. இரண்டு இடங்களிலும் பள்ளிக்கு வருகிற பிள்ளையைப் பந்தியில் உட்கார வைத்தார்கள். சல்லடை போட்டு ஏழைப் பிள்ளையைத் தேடும்போது சில பிள்ளைகள் ஓட்டை வழியே விழுந்துவிடும். எல்லோருக்கும் போட்டால் யாரும் விழமாட்டார்கள்.

சராசரிக்குள் மறையும் சமுதாயம்

இனி நம் சமுதாயக் கணக்குக்கு வருவோம்.

2019ஆம் ஆண்டுக் கணக்கில் இந்தியர் குடும்பங்களின் சராசரி மாத வருமானம் 8,216 ரிங்கிட். நாட்டின் எல்லாக் குடும்பங்களுக்குமான சராசரியை விட அதிகம்! இதைக் காட்டி, இந்தியர்கள் நன்றாகத்தானே இருக்கிறார்கள், எதற்குப் போராட்டம், எதற்கு முணுமுணுப்பு என்று கேட்கிறவர்கள் உண்டு.

சராசரி என்றால் என்ன? ஒரு மேசையில் ஐந்து பேர். நான்கு பேருக்குச் சம்பளம் 2,000. ஒருவர் வழக்கறிஞர், 32,000 வாங்குகிறார். சராசரி 8,000! ஐந்து பேரும் வசதியானவர்கள் என்று எழுதிவிடலாம். அந்த நால்வர் வீட்டு அடுப்பு எரிகிறதா என்று யாரும் பார்க்க மாட்டார்கள்.

நடுவில் நிற்கும் குடும்பத்தின் வருமானத்தைப் பார்த்தால் உண்மை கொஞ்சம் தெரியும். அதே 2019இல் அது 5,981 ரிங்கிட். சராசரியைவிட 2,000 ரிங்கிட்டுக்கு மேல் குறைவு. அதாவது இந்தியர் குடும்பங்களில் பாதி, மாதம் 5,981க்குக் கீழே. நம்மவர்களில் மிகப் பெரும்பாலோர் நகரவாசிகள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். கிளந்தானில் 4,000 ரிங்கிட் வேறு, கிள்ளான் பள்ளத்தாக்கில் 4,000 ரிங்கிட் வேறு. தோட்டத்தில் இருந்தபோது சம்பளம் குறைவுதான், ஆனால் லயத்து வீட்டுக்கு வாடகை இல்லை, கொல்லையில் முருங்கையும் கோழியும் இருந்தன. தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாகவும் கோல்ப் திடல்களாகவும் மாறியபோது வெளியேறியவர்கள் சுமார் 3 லட்சம் பேர் என்று மதிப்பிடுகிறார்கள். நகரத்துக்கு வந்ததும் சம்பளம் ஏட்டில் கூடியது. கணக்குக்கு அது முன்னேற்றம். குடும்பத்துக்கு அது இறக்கம்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 2020 மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி குடிமக்களில் இந்தியர்கள் 6.7 விழுக்காடு. குடும்ப வருமான ஆய்வு எல்லா வீட்டுக்கும் போவதில்லை. சில வீடுகளைப் பொறுக்கி எடுத்து விசாரித்து, அதை வைத்து நாட்டைக் கணக்கிடுவார்கள். நூறு வீட்டில் ஆறேழு வீடுதான் நம்முடையது. அதில் ஏழைகளின் வீடு எத்தனை? செராஸில் எத்தனை? விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கிவிடும். அவ்வளவு சில வீடுகளை வைத்து ஒரு வட்டாரத்துத் தமிழ் ஏழைகளைப் பற்றி உறுதியாக எதுவும் சொல்ல முடியாது. சிறுபான்மையில் சிறுபான்மையாக இருப்பவன் எந்தக் கணக்கிலும் வராமல் போவதற்கு யாருடைய கெட்ட எண்ணமும் தேவையில்லை. கணக்கின் வழியே அதைச் செய்துவிடும்.

இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. இலங்கையில் குடும்ப வருமான ஆய்வு நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்று பிரிவாக எடுக்கப்படுகிறது. 2006/07 ஆய்வில் நாட்டின் வறுமை 15.2 விழுக்காடு, தோட்டப்புறத்தில் 32 விழுக்காடு என்று வெளிவந்தது. மலையகத் தமிழர்களின் நிலை நாட்டில் இருமடங்கு மோசம் என்பதை யாரும் மறைக்க முடியவில்லை. காரணம், அவர்களுக்கென்று தனிக் கட்டம் இருந்தது. மலேசியாவில் தோட்டத்திலிருந்து நகரத்துக்கு வந்த நம்மவர்களுக்கு அப்படியொரு கட்டம் இருந்ததா?

இந்தியாவில் 2005இல் அமைத்த சச்சார் குழு, முஸ்லிம்களின் கல்வி, வேலை, கடன் வசதி பற்றிய எண்களைத் திரட்டி 2006 நவம்பரில் அறிக்கை தந்தது. அதுவரை சலுகை பெறும் கூட்டம் என்று ஏசப்பட்ட சமுதாயம், பல துறைகளில் எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்பது அரசாங்கத்தின் எண்களிலேயே தெரிந்தது. பிரிட்டன் 2017இல் பள்ளி, வேலை, வீடு, காவல் துறை என்று எல்லாவற்றிலும் இனவாரியான எண்களைப் பொதுமக்கள் பார்க்க இணையத்தில் போட்டது. பிரான்ஸ் நேர் எதிர். இனவாரியாகக் கணக்கெடுக்க அங்கே சட்டம் கடுமையாகக் கட்டுப்பாடு விதிக்கிறது. எல்லோரும் சமம் என்பது அவர்கள் வாதம். எண்ணாவிட்டால் ஏற்றத்தாழ்வை எப்படிக் காட்டுவது என்பது அங்குள்ள சிறுபான்மையினரின் கேள்வி.

மலேசியா என்ன செய்கிறது? இனம் கேட்காத படிவம் இங்கே கிடையாது! எல்லாவற்றிலும் எழுதி வாங்குகிறார்கள். ஆனால் எந்த இனத்தில், எந்த வட்டாரத்தில், எந்த வருமானத்தில் எத்தனை பேர் என்று மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் கணக்கு பொதுமக்கள் கைக்குக் கிடைப்பது அரிது. கேட்பது எல்லாம் கேட்கிறார்கள். சொல்வது மட்டும் சுருக்கமாக!

காணாமல் போன அறிக்கை

2006ஆம் ஆண்டை மறக்கக் கூடாது. அந்த ஆண்டு மார்ச்சில் வெளியான ஒன்பதாவது மலேசியத் திட்டம், 2004இல் பூமிபுத்ராக்களின் பங்குடைமை 18.9 விழுக்காடு, இந்தியர்களுடையது 1.2 விழுக்காடு என்றது. புதிய பொருளாதாரக் கொள்கை வகுத்த 30 விழுக்காடு இன்னும் எட்டவில்லை, ஆகவே கொள்கை தொடர வேண்டும் என்பது அதன் முடிவு.

சில மாதங்களில் ஆஸ்லி என்ற ஆய்வுக் கழகத்தின் பொதுக்கொள்கை ஆய்வு மையம் வேறொரு கணக்கை வெளியிட்டது. டாக்டர் லிம் தேக் கீ அந்த மையத்தின் இயக்குநர். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஆயிரம் நிறுவனங்களின் சந்தை மதிப்பை எடுத்து, அரசு சார்ந்த நிறுவனங்களின் பங்கில் பெரும்பகுதியையும் சேர்த்துப் பார்த்தால், பூமிபுத்ரா பங்குடைமை 45 விழுக்காடு வரை இருக்கலாம் என்றது அது. அரசாங்கம் பங்கின் முக மதிப்பை வைத்துப் பல லட்சம் நிறுவனங்களைக் கணக்கிட்டிருந்தது. அரசு நிறுவனத்தை ஓர் இனத்தின் கணக்கில் எழுதலாமா என்பது நியாயமான கேள்விதான். இரண்டு முறைகளையும் மேசையில் வைத்து வாதாடியிருக்கலாம். அறிஞர்கள் செய்ய வேண்டியது அதுதானே?

நடந்தது வேறு. எதிர்ப்பு கிளம்பியது. கழகத்தின் தலைவரே அறிக்கையில் குறையிருப்பதாகச் சொல்லி அதை மீட்டுக்கொண்டார். டாக்டர் லிம் தேக் கீ பதவி விலகினார். ஆய்வுக்குப் பதில் சொல்லாமல் ஆய்வாளரை வெளியே அனுப்பிய கதை அது.

அந்தச் சண்டையில் 18.9ஆ, 45ஆ என்று நாடே பேசியது. நம்முடைய 1.2ஐப் பற்றிப் பேசியவர் குறைவு. 2020க்குள் இந்தியர்களுக்கு 3 விழுக்காடு என்று அதே திட்டம் இலக்கு வைத்தது. 2020 வந்தது, போனது. 3 விழுக்காடு வரவில்லை. வந்திருந்தால் மட்டும் செராஸில் துப்புரவு வேலை செய்யும் அம்மாவுக்கு என்ன கிடைத்திருக்கும்? பங்கு வைத்திருக்கும் சிலரின் பங்கு பெருகியிருக்கும், சமுதாயம் வளர்ந்துவிட்டதாக அறிக்கை வந்திருக்கும். 1980களில் மைக்கா ஹோல்டிங்ஸில் சுமார் 66,000 பேர் நகையை விற்றும் சேமிப்பை எடுத்தும் 106 மில்லியன் ரிங்கிட்டைக் கொட்டினார்கள். எதிர்பார்த்த பலன் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. பங்குடைமை எண்ணைத் துரத்தியவர்களுக்கு அந்தப் பாடம் போதும்.

பத்து ரிங்கிட் சொன்ன பதில்

ஆய்வு எப்போதும் ஏமாற்றுவதில்லை. நம் வரலாற்றிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது.

1950களில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போனபோது, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றார்கள். வேலையும் போய், லயமும் போய், தொழிலாளர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தில் உங்கு அஜீஸ் தலைமையில் 1951 முதல் 1960 வரை நடந்த தோட்டத் துண்டாடலை ஆய்வு செய்தார்கள். இதே உங்கு அஜீஸ்தான், ஒரு வீட்டில் எத்தனை சாரோங் இருக்கிறது என்று எண்ணினால் அந்த வீட்டின் வறுமை தெரியும் என்றவர். மக்களின் வாழ்க்கையைத் தெரிந்தவர் போடும் கணக்கு அப்படித்தான் இருக்கும்.

அதே காலத்தில் துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போனார். மாதம் பத்து வெள்ளி கொடுங்கள், நாமே தோட்டம் வாங்குவோம் என்றார். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கியது. பால்மரம் வெட்டியவர்களின் பத்து வெள்ளி அது.

பிரச்சினை எங்கே, எத்தனை பேருக்கு, என்ன காரணத்தால் என்று தெரிந்தது. அதற்கு நேரான பதிலும் வந்தது. ஆய்வும் செயலும் இப்படிக் கைகோக்க வேண்டும். இன்று மித்ரா போன்ற அமைப்பின் வழி இந்தியர்களுக்கென்று ஆண்டுக்கு 100 மில்லியன் ரிங்கிட் ஒதுக்கும் பேச்சு நடக்கிறது. அது யாருக்குப் போனது, போன பிறகு அந்தக் குடும்பத்தின் நிலை மாறியதா என்று ஐந்து ஆண்டு கழித்துப் போய்க் கேட்டார்களா? காசு கொடுத்த படம் பத்திரிகையில் வருகிறது. பலன் பற்றிய கணக்கு எங்கே?

நாம் கேட்க வேண்டியவை

ஒன்று: வறுமைக் கணக்கை இனம், வட்டாரம், வருமானம் மூன்றும் சேர்த்து வெளியிடுங்கள். புள்ளிவிவரத் துறை இப்போது மாவட்டம், நாடாளுமன்றத் தொகுதி வாரியாகச் சில எண்களை இணையத்தில் போடுகிறது. இது நல்ல மாற்றம், வரவேற்போம். அடுத்த படியையும் ஏறச் சொல்வோம்.

இரண்டு: நகர மலிவு விலை அடுக்குமாடிகளுக்குத் தனிக் கட்டம் வேண்டும். போதுமான வீடுகளை விசாரிக்க வேண்டும்.

மூன்று: கோட்டை இன்னொரு முறை 15 ஆண்டு தூங்க விடாதீர்கள். 2022இல் அது 2,589 ரிங்கிட். 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். ஒருவர் சம்பளத்தில் வாழும் குடும்பம் கோட்டுக்குக் கீழே என்பது இப்போது கணக்கிலேயே தெரிகிறது. இதைச் சம்பளப் பேச்சுவார்த்தையில் தொழிற்சங்கங்கள் பயன்படுத்த வேண்டும்.

நான்கு: ஆய்வின் முடிவை ஆய்வுக்குள்ளானவர்களிடம் அவர்கள் மொழியில் சொல்லுங்கள். நம் வீட்டுக்கு வந்து, நம் பிள்ளையின் எடையைப் பார்த்து, எழுதிக்கொண்டு போய் ஆங்கிலத்தில் ஹோட்டல் மண்டபத்தில் வெளியிட்டால் போதுமா? அந்த மாடியின் பொது மண்டபத்தில் மலாயிலும் தமிழிலும் சீனத்திலும் சொல்ல வேண்டாமா?

நம் பக்கத்திலும் வேலை இருக்கிறது.

கணக்கெடுக்க வருகிறவரைக் கண்டு கதவைச் சாத்தும் வழக்கம் நம்மிடம் உண்டு. வாரக் கடைசியில் நாசி லெமாக் விற்பதைச் சொன்னால் உதவி நின்றுவிடுமோ, வீட்டில் தங்கியிருக்கும் தம்பியைச் சொன்னால் வாடகை வீடு போய்விடுமோ என்ற பயம். 2024இல் பாடு தரவுத் தளத்தில் பதியச் சொன்னபோதும் இதே தயக்கம். அந்தப் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. விவரம் கசிந்த செய்திகளை எல்லோரும் படிக்கிறோம். ஆனால் புள்ளிவிவரத் துறையின் ஆய்வில் நீங்கள் தரும் தனிப்பட்ட விவரத்தை 1965ஆம் ஆண்டுப் புள்ளிவிவரச் சட்டம் காக்கிறது. வருகிறவரின் அடையாள அட்டையைக் கேளுங்கள். எந்தத் துறை, எதற்காக என்று கேளுங்கள். திருப்தியானால் உட்கார வைத்து உண்மையைச் சொல்லுங்கள். கௌரவத்துக்காக வருமானத்தைக் கூட்டிச் சொல்லாதீர்கள். அது உங்கள் வீட்டை மட்டுமல்ல, உங்களைப் போன்ற ஆயிரம் வீடுகளைக் கணக்கிலிருந்து அழிக்கும்.

மாடிக் குடியிருப்போர் சங்கங்கள், கோயில் நிர்வாகங்கள், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் மூன்றும் சேர்ந்தால் ஒரு நோட்டுப் புத்தகமே போதும். எத்தனை வீடு, எத்தனை பிள்ளைகள், எத்தனை பேர் பாலர் பள்ளிக்குப் போகவில்லை, எத்தனை பேருக்கு அடையாள அட்டை இல்லை, எத்தனை வீட்டில் ஒருவர் சம்பளம் மட்டும். பெயர் எழுத வேண்டாம், எண் போதும். சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர் வரும்போது மாலைக்குப் பதில் அந்தக் கணக்கைக் கையில் கொடுங்கள். பல்கலைக்கழகத்தில் பொருளாதாரமும் சமூகவியலும் படிக்கும் நம் பிள்ளைகள் இதற்கு வாராவாரம் இரண்டு மணி நேரம் ஒதுக்க முடியாதா?

எண்ணப்படாத குடும்பம் இல்லாத குடும்பம் என்றுதான் இதுவரை நடந்தது. 24,700 குடும்பங்கள் என்றவர்கள் 405,441 என்று மாற்றி எழுத வேண்டி வந்ததே, அது மக்கள் மேல் இரக்கம் பிறந்ததால் அல்ல. கணக்கு தவறு என்று ஒருவர் எடுத்துக் காட்டியதால். அடுத்த முறை எடுத்துக் காட்டுவதற்கு வெளிநாட்டார் வரும்வரை காத்திருக்கப் போகிறோமா?

கணக்கைக் கேட்போம். கணக்கைக் கொடுப்போம். தவறினால் தட்டிக் கேட்போம்!